கை தாமதமா, திரை தாமதமா?

கடந்த தீபாவளி விடுமுறைக்குக் கூலிமில் உள்ள எங்கள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பண்டிகைக்கு முன் வீட்டைக் கூட்டித் துடைக்கும் பொறுப்பு எங்கள் வீட்டில் அண்ணனுக்கும் எனக்கும் உரியது. ஸ்டோர் அறையின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய மைலோ அட்டைப்பெட்டியை இறக்கினோம். உள்ளே எங்கள் சிறுவயதே இருந்தது. 'மைக்ரோ ஜீனியஸ்' விளையாட்டுப் பெட்டி ஒன்று, ஜாய்ஸ்டிக் இரண்டு, நாங்கள் 'கேசட்' என்று அழைத்த மஞ்சள் நிற விளையாட்டு அட்டைகள் நான்கைந்து.

1990களில் மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெட்டியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட 'ஃபேமிகாம்' சாதனத்தின் தைவான் நகல் அது. அதில் அப்பாவுக்குப் பிடித்த விளையாட்டு ஒன்றே ஒன்றுதான். நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'பேட்டல் சிட்டி'. எங்கள் வீட்டில் அதற்கு 'டாங்கி கேம்' என்று பெயர். இருவர் சேர்ந்து ஆளுக்கொரு டாங்கியை ஓட்டி, செங்கல் சுவருக்குள் இருக்கும் கழுகுச் சின்னத்தை எதிரிகளிடமிருந்து காக்க வேண்டும். சனிக்கிழமைகளில் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வரும் அப்பா, எங்களில் ஒருவரோடு இரண்டு மூன்று கட்டங்கள் ஆடிவிட்டுத்தான் படுக்கப் போவார்.

பெட்டியைத் துடைத்து, வீட்டிலிருக்கும் புதிய தொலைக்காட்சியின் பின்னால் கொண்டுபோனால் மஞ்சள் முனையைச் செருகுவதற்குத் துளையே இல்லை. அண்ணன், "தூக்கிப் போட்டுருங்கப்பா, இதோட காலம் முடிஞ்சிருச்சு," என்றார். அப்பா எதுவும் சொல்லவில்லை. பெட்டியை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கடைக்குப் போய் ஒரு மாற்றி வாங்கி வந்தேன். அது தவறான மாற்றி. மறுபடியும் போய்ச் சரியானதை வாங்கி வந்தேன். படம் வந்தது. அப்பா ஆர்வமாக உட்கார்ந்தார். முதல் கட்டத்திலேயே மூன்று டாங்கிகளையும் இழந்தார். மறுபடியும் ஆடினார், மறுபடியும் இழந்தார். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, தன் விரல்களைப் பார்த்தபடி, "கை முன்ன மாதிரி ஓடல," என்றார். எழுபதை நெருங்கும் மனிதர். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஆனால் அன்று தாமதமாக இருந்தது அப்பாவின் கை அன்று. எங்கள் தொலைக்காட்சி. இதை நான் அன்றிரவுதான் கண்டுபிடித்தேன். பழைய பொருள் ஒன்று புதிய உலகில் சரியாக இயங்காதபோது, குற்றத்தை உடனே பழையதன் தலையில் போட்டுவிடுகிறோம். பழுது பெரும்பாலும் பழையதிலும் இல்லை, புதியதிலும் இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள இணைப்பில் இருக்கிறது. இணைக்கத் தெரியாமல் தூக்கி எறிவதை நாம் நிறுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் முன்வைக்கும் கருத்து.

இரண்டு தலைமுறை, இரண்டு மொழி

பழைய விளையாட்டுப் பெட்டி புதிய திரையில் ஏன் தடுமாறுகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

அக்காலத்துப் படக்குழாய்த் தொலைக்காட்சியில் ஒரு மின்னணுக் கதிர் திரையின் உட்புறத்தில் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படம் வரைந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்பற்றிய பி.ஏ.எல். முறையில் ஒரு முழுப்படத்திற்கு 625 வரிகள். ஜப்பானும் அமெரிக்காவும் பின்பற்றிய என்.டி.எஸ்.சி. முறையில் 525 வரிகள். இந்த வரிகளை ஒரே வீச்சில் வரைவதில்லை. முதல் வீச்சில் ஒற்றைப்படை வரிகள், அடுத்த வீச்சில் இரட்டைப்படை வரிகள் என்று மாற்றி மாற்றி வரையும். பி.ஏ.எல். முறையில் விநாடிக்கு 50 வீச்சு, என்.டி.எஸ்.சி. முறையில் ஏறத்தாழ 60 வீச்சு.

ஃபேமிகாம் போன்ற சாதனங்கள் இதில் ஒரு குறுக்கு வழியைக் கையாண்டன. அவை அனுப்பிய படத்தின் அளவு 256க்கு 240 படப்புள்ளிகள் மட்டுமே. எனவே ஒற்றை, இரட்டை என்று மாறாமல் ஒவ்வொரு வீச்சிலும் அதே வரிகளின் மேல் திரும்பத் திரும்ப வரையச் செய்தன. இடையிலுள்ள வரிகள் இருட்டாகவே இருந்துவிடும். பழைய படங்களில் தெரியும் மெல்லிய கறுப்புக் கோடுகளுக்குக் காரணம் இதுதான். படக்குழாய் இதற்கு ஒரு மறுப்பும் சொல்லவில்லை. கதிரை எங்கே திருப்பச் சொன்னாலும் அது திருப்பும்.

புதிய தொலைக்காட்சி அப்படியல்ல. அதில் கதிரும் இல்லை, வரைவதும் இல்லை. பல இலட்சம் படப்புள்ளிகள் நிலையாக அமைந்துள்ள பலகை அது. வரும் சமிக்ஞையை முதலில் வாங்கி வைத்து, அது எந்த வகை என்று முடிவு செய்து, தன் அளவுக்கு விரித்து, பிறகே காட்டும். பழைய விளையாட்டுப் பெட்டியின் சமிக்ஞையைப் பார்க்கும் பல தொலைக்காட்சிகள், 'இது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் படம்' என்று தவறாக முடிவு செய்கின்றன. உடனே இரண்டு வீச்சுகளைச் சேர்த்து ஒரே படமாகத் தைக்கப் பார்க்கின்றன. சேர்க்கக் கூடாத இரண்டைச் சேர்ப்பதால் ஓடும் உருவங்களின் விளிம்பு சீப்புப் பல்லைப் போல் கிழிகிறது. எழுத்துகள் நடுங்குகின்றன.

ஃபேமிகாமால் ஒரு வரியில் எட்டு அசையும் உருவங்களை மட்டுமே காட்ட இயலும். அதற்கு மேல் தேவைப்பட்டால், விளையாட்டை எழுதியவர்கள் உருவங்களை ஒரு வீச்சு விட்டு ஒரு வீச்சு காட்டிச் சமாளித்தார்கள். படக்குழாயில் அது இலேசான மினுமினுப்பாகத் தெரியும். வீச்சுகளைச் சேர்த்துத் தைக்கும் புதிய திரையில் அதே உருவம் கோடு கோடாகச் சிதைந்து தெரியக்கூடும். விளையாட்டுப் பெட்டி அன்று பேசியதையே இன்றும் பேசுகிறது. கேட்பவர்தான் மாறிவிட்டார்.

நூறு மில்லி விநாடி

இனி அப்பாவின் கைக்கு வருகிறேன்.

சமிக்ஞையை வாங்கி வைப்பது, தைப்பது, விரிப்பது, வண்ணத்தை மெருகேற்றுவது, அசைவை மென்மையாக்குவது ஆகிய எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும். திரைப்படம் பார்க்கும்போது இது நமக்குத் தெரிவதில்லை. படமும் ஒலியும் ஒன்றாகத் தாமதித்தால் யாருக்கு என்ன நட்டம்? விளையாட்டில் அப்படியல்ல. பொத்தானை அழுத்துவது இப்போது, அதன் விளைவு திரையில் தெரிவது பிறகு. சில தொலைக்காட்சிகளில் இத்தாமதம் நூறு மில்லி விநாடி அளவுக்குப் போகும். விநாடிக்கு 50 படம் என்ற கணக்கில் அது ஐந்து படங்கள். எதிரியின் குண்டு திரையில் தெரியும்போது, உண்மையில் அது ஐந்து படம் முன்னேறி வந்துவிட்டது. எதிரில் வரும் டாங்கியைப் பார்த்து விலக நினைக்கும்போதே குண்டு பட்டுவிடுகிறது. படக்குழாயில் இந்தத் தாமதம் அறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு.

இளைஞர்கள் இத்தாமதத்தைச் சில நிமிடங்களில் உணர்ந்து தொலைக்காட்சியைத் திட்டுவார்கள். முதியவர்கள் அப்படிச் செய்வதில்லை. தன் கைதான் தளர்ந்துவிட்டது என்று நம்பிவிடுவார்கள். பிள்ளைகளும் அதை நம்பிவிடுவார்கள். இந்தச் சிறிய விஷயத்தைப் பற்றி ஆண்டிதழில் இவ்வளவு எழுதுவதற்குக் காரணமே இதுதான்.

அன்றிரவு எல்லாரும் உறங்கிய பிறகு தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலைத் துழாவினேன். 'கேம் மோட்' என்றொரு தெரிவு இருந்தது. அதை முடுக்கினால், மெருகேற்றும் வேலைகளில் பெரும்பாலானவற்றைத் தொலைக்காட்சி விட்டுவிடும், தாமதம் வெகுவாகக் குறையும். பல தொலைக்காட்சிகளில் இந்த அமைப்பு ஒவ்வொரு துளைக்கும் தனித்தனி. முதல் துளைக்கு முடுக்கிவிட்டு, இரண்டாவதில் செருகி ஆடினால் பயன் இல்லை. அடுத்து, படம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. பழைய விளையாட்டுகள் 4க்கு 3 என்ற திரை அளவுக்காக வரையப்பட்டவை. இன்றைய திரை 16க்கு 9. அதை நிரப்புவதற்காக இழுத்தால் எல்லா உருவங்களும் குண்டாகிவிடும். திரை அளவை 4க்கு 3 என்று மாற்றினேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைகள் வந்தன. சதுரமாக இருக்க வேண்டிய செங்கற்கள் சதுரமாயின.

மறுநாள் காலை அப்பாவை அழைத்தேன். நான் எதையும் விளக்கவில்லை. ஆறாவது கட்டம் வரை இருவரும் போனோம். "இப்பதான் பழைய மாதிரி இருக்கு," என்றார்.

இணைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது மின்சாரம். ஜப்பானிலிருந்து வந்த அடாப்டர்கள் 100 வோல்ட்டுக்கானவை. நம் வீட்டு மின்சாரம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 230 வோல்ட். நேராகச் செருகினால் அடாப்டர் கருகிவிடும். ஃபேமிகாமின் அடாப்டர் நேர்மின்னோட்டம் தருவது, அதன் முனையின் நடுப்பகுதி எதிர்மின்முனை. அமெரிக்காவில் விற்கப்பட்ட நிண்டெண்டோ சாதனத்தின் அடாப்டர் மாறுமின்னோட்டம் தருவது. பொருந்துகிறது என்பதற்காக ஒன்றன் அடாப்டரை மற்றொன்றில் செருகக் கூடாது. பெட்டியின் அடியில் எழுதியிருப்பதை ஒரு முறை படித்துவிட்டுச் செருகுங்கள்.

இரண்டாவது, தொலைக்காட்சியின் பின்புறத்தை நன்றாகப் பாருங்கள். மஞ்சள் துளை இல்லாவிட்டாலும் ஏ.வி. வசதி ஒளிந்திருக்கலாம். சிலவற்றில் பச்சைத் துளையே மஞ்சள் முனைக்கும் பொது. வேறு சிலவற்றில் காதணிபேசிக்குரியதைப் போன்ற சிறிய துளை இருக்கும். அதற்கெனத் தனி இணைப்புக் கம்பி வாங்க வேண்டும்.

மூன்றாவது, மாற்றியின் திசை. கடைகளில் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் இரண்டு வகைச் சிறிய பெட்டிகள் கிடைக்கும். ஒன்று ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது. மற்றொன்று எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றுவது. நமக்கு வேண்டியது முதலாவது. நான் முதலில் வாங்கி வந்தது இரண்டாவது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும் இம்மாற்றிகள் படத்தைக் காட்டும். ஆனால் மேலே சொன்ன தையல் தவற்றைத் தாமும் செய்யும். நம் ஊர் நகல் பெட்டிகள் தரும் 50 படங்களை 60 ஆக்கும்போது அசைவு சற்றுக் குலுங்கும். சரியான அமைப்புகளோடு, வீட்டில் ஆடி மகிழ இது போதும் என்பது என் அனுபவம்.

நான்காவது, ஏரியல் கம்பி மட்டுமே உள்ள பெட்டிகள். முதல் ஃபேமிகாமில் மஞ்சள் முனையே கிடையாது. அது ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையத்தைப் போல, ஏரியல் துளை வழியாகவே படத்தை அனுப்பியது. நம் நாடுகளில் அனலாக் ஒளிபரப்பு 2019இல் முடிவுக்கு வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலும், அக்டோபர் 31ஆம் நாள் மலேசியா முழுவதிலும் அது நிறுத்தப்பட்டது. ஆயினும் பல தொலைக்காட்சிகளின் உள்ளே அனலாக் அலைவரிசையைத் தேடும் பகுதி இன்னும் இருக்கிறது. தேடலை அனலாக் என்று மாற்றிவிட்டுத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பழைய வீடியோ ரெக்கார்டர் கைகொடுக்கும். விளையாட்டுப் பெட்டியின் கம்பியை அதன் ஏரியல் துளையில் செருகி அலைவரிசையைப் பிடித்தால், அதன் மஞ்சள் முனையிலிருந்து படம் கிடைக்கும். ஒன்று கவனிக்க வேண்டும். ஜப்பானிய ஃபேமிகாம் என்.டி.எஸ்.சி. முறைக்குரியது. நம் ஊர் பி.ஏ.எல். ரெக்கார்டர் அதை ஏற்காமல் போகலாம். இங்கே விற்ற நகல் பெட்டிகளுக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

இதற்கும் மேலே போக விரும்புவோர்க்குத் தனி உலகமே இருக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த மார்கஸ் ஹீன்காரி வடிவமைத்த 'ஓ.எஸ்.எஸ்.சி.' என்ற கருவி, ஒரு முழுப் படத்தை வாங்கி வைத்துக் காத்திராமல், வரும் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் இரட்டித்து அனுப்புகிறது. ஆகவே தாமதம் சில வரிகள் அளவுதான். அதன் வடிவமைப்பை அவர் எல்லாருக்கும் திறந்து வைத்துள்ளார். மைக் சீ உருவாக்கிய 'ரெட்ரோடிங்க்' வரிசைக் கருவிகளும் புகழ்பெற்றவை. அவற்றுள் உயர்ந்ததான 'ரெட்ரோடிங்க் 4கே', 2023 இறுதியில் வெளிவந்தபோது அதன் விலை 750 அமெரிக்க டாலர். பெருநிறுவனங்கள் மறந்துவிட்ட இணைப்பைத் தனி மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து மீட்டிருக்கிறார்கள் என்பது வியப்புக்குரியது. ஆனால் விலையைப் பார்த்ததும், 'இது பணக்காரர் பொழுதுபோக்கு' என்று ஒதுங்கிவிட வேண்டாம். அப்பாவின் டாங்கியைக் காப்பாற்றியது முப்பது வெள்ளி மாற்றியும் இரண்டு அமைப்பு மாற்றங்களும்தான்.

"கைப்பேசியிலேயே கிடைக்கிறதே?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. பழைய சாதனத்தைப் போல நடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எல்லா விளையாட்டும் கைப்பேசியில் ஆடலாம். பிறகு எதற்கு இந்தக் கம்பிகள்?

அம்மென்பொருள்களை நான் குறை சொல்லவில்லை. அவை இல்லையென்றால் பல விளையாட்டுகள் இதற்குள் மறைந்தே போயிருக்கும். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று சட்டப்படி வாங்கக் கிடைப்பதில்லை. அதே ஆண்டு மார்ச் மாதம் நிண்டெண்டோவும் தன் 'வீ யூ', '3டி.எஸ்.' சாதனங்களுக்கான இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியது. நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருந்துவிட முடியாது.

நம் நாடுகளைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. நம்மில் பலருடைய சிறுவயது, நகல் பெட்டிகளிலும் அறுபத்து நான்கு விளையாட்டுகள் அடங்கிய உரிமமற்ற கேசட்டுகளிலும் கழிந்தது. அன்று அசல் வாங்க நம் பெற்றோரிடம் பணம் இல்லை. பலருக்கு இது நகல் என்பதே தெரியாது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை. நிண்டெண்டோ 2016இல் தன் பழைய சாதனத்தைச் சிறிய வடிவில், எச்.டி.எம்.ஐ. இணைப்போடு, 30 விளையாட்டுகளுடன் மறுவெளியீடு செய்தது. அது அமெரிக்க, ஜப்பானியப் பிள்ளைகளின் நினைவு. நம் வீட்டு மைக்ரோ ஜீனியஸையும் அதன் விசித்திரமான கேசட்டுகளையும் அவர்கள் மறுவெளியீடு செய்யப் போவதில்லை. அந்த வரலாறு நம் ஸ்டோர் அறைகளில் மட்டுமே இருக்கிறது. நாம் எறிந்தால் அதோடு முடிந்தது.

கைப்பேசியில் ஆடும் ஆட்டம் பெரும்பாலும் ஒருவர் ஆட்டம் என்பதையும் சொல்ல வேண்டும். டாங்கி விளையாட்டு, ஒரு திரைக்கு முன் இரண்டு பேர் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து ஆடியது. அப்பா கைப்பேசியில் ஆடமாட்டார். ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தால் ஆடுவார்.

எல்லாவற்றையும் மாற்றிகள் மீட்டுவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 1984இல் வந்த 'டக் ஹண்ட்' வாத்துச் சுடும் விளையாட்டு பலருக்கு நினைவிருக்கும். பொத்தானை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்ததா என்பதை வைத்தே சுட்டது பட்டதா என்று முடிவாகும். இது படக்குழாயின் வேகத்தையும் துடிப்பையும் நம்பி அமைத்த ஏற்பாடு. புதிய திரையில் அந்தத் துப்பாக்கியை எத்தனை முறை சுட்டாலும் வாத்து விழாது. சோனியின் புகழ்பெற்ற 'டிரினிட்ரான்' படக்குழாய்களின் உற்பத்தி 2008இல் முடிவுக்கு வந்தது. அது முடிந்த இடம் நமக்கு அருகிலுள்ள சிங்கப்பூர். பாட்டி வீட்டில் நன்றாக ஓடும் படக்குழாய்த் தொலைக்காட்சி இருந்தால், வைக்க இடமும் இருந்தால், வைத்திருங்கள். ஆனால் பின்மூடியைத் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே ஆபத்தான உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நம் கழகத்தின் அலமாரி

இறுதியாக, இந்த மஞ்சள் முனைக்கும் நம் தமிழ்மொழிக் கழகத்திற்கும் உள்ள தொடர்பைச் சொல்கிறேன். நான் மாணவனாக இருந்தபோது கழக அறையின் அலமாரியில் வி.எச்.எஸ். ஒளிநாடாக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எனக்கு முந்திய மூத்தோரின் கலை இரவுகள், நாடகங்கள், பட்டிமன்றங்கள். போட்டுப் பார்க்க ரெக்கார்டர் இல்லை என்பதால் நாங்கள் எவரும் அவற்றைத் தொடவில்லை. 'பழசு, ஓடாது' என்று சொல்லிவிட்டு அலமாரியை மூடினோம். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்நாடாக்களைப் படிக்கும் ரெக்கார்டரிலிருந்து வெளிவருவதும் இதே மஞ்சள் முனைதான். இதே மலிவு மாற்றி அதற்கும் போதும். சொல்லப்போனால் விளையாட்டுப் பெட்டியை விட ஒளிநாடாவுக்கு அது நன்றாகப் பொருந்தும். நாடாவில் உள்ளது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் படமே. மாற்றி எதிர்பார்ப்பதும் அதையே. கணினியில் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றும் இருந்தால், அக்காட்சிகளைச் சேமித்துவிடலாம். ஆனால் காலம் குறைவு. வீடியோ ரெக்கார்டர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாக்களில் பூஞ்சைக்காளான் வேறு பிடிக்கும்.

எனவே இவ்வாண்டுக் கழகச் செயலவையினருக்கு ஒரு முன்னாள் மாணவனின் பணிவான வேண்டுகோள். ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் வீட்டிலுள்ள பழைய விளையாட்டுப் பெட்டி, ரெக்கார்டர், ஒளிநாடா எல்லாவற்றையும் எடுத்து வரட்டும். பொறியியல் படிப்போர் இணைத்துக் கொடுக்கட்டும். எது எதில் செருகும், எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பதை எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதி அனைவருக்கும் கொடுங்கள். இவ்விவரங்கள் ஆங்கிலத்தில் ஏராளமாக உள்ளன. நம் அப்பா, அம்மா படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் இருக்க வேண்டாமா? தமிழை அறிவியல் மொழியாக்குவோம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். மஞ்சள் முனை எங்கே செருகும் என்று தமிழில் எழுதுவதும் அந்தப் பணியே. அன்று மாலை பெற்றோரையும் அழையுங்கள். அவர்கள் கையில் ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கொடுங்கள். 'கேம் மோட்' முடுக்கிய பிறகு!

பழையவை அனைத்தையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பதல்ல என் கருத்து. உண்மையிலேயே பழுதானதை வழியனுப்பலாம். ஆனால் ஒன்றையோ ஒருவரையோ பார்த்து, 'இனி ஓடாது' என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். கை தாமதமா, திரை தாமதமா?